சொல் பிசகினால் செல்லாது

டென்வர்
ஜூன் 3

அன்புள்ள ரோண்டா,

பேனா பிடித்துக் கடிதம் எழுதிப் பத்து வருடமாவது இருக்கும். தபால்தலை எங்கே கிடைக்கும் என்று கடைக்காரியைக் கேட்டால் அவள் என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். எல்லாம் உன்னால்தான். மூன்று நாளாக உன் போனுக்கு அடிக்கிறேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாட்டுப்பண்ணைக்காரர்களின் விருந்தில் கவர்னர் பிராட்ஷா உன்னைப் பற்றிப் பேசியதை நானும் பார்த்தேன். “இருபது வருஷமா குழாயத் தொறந்து மூடுறதத் தவிர வேற எதுவும் தெரியாத ஒரு குழாய்க்காரி, நம்ம மாவட்டத்துத் தண்ணி விஷம்ங்கிறா! மொதல்ல அவ வீட்டுக் குழாயப் பாக்கச் சொல்லுங்க!” சபை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? இங்கே டென்வரில்கூட உன் பெயர் தெரிந்திருக்கிறது. முடிவெட்டுகிற இடத்தில், “ரோண்டா குச்செராவா? உங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்டான். என் அக்கா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவன் எனக்குக் கிருதாவைக் கொஞ்சம் கவனமாகவே எடுத்துவிட்டான்.

மார்ச்சில் நான் வேலை பார்த்த கிடங்கை மூடியதிலிருந்து நான் வீட்டில்தான் இருக்கிறேன். சும்மா இல்லை. செய்தி படிக்கிறேன், அடுத்து என்ன நடக்கும் என்று கணக்குப் போடுகிறேன், ஏதோ ஓடுகிறது. விவரமாகப் பிறகு சொல்கிறேன்.

நீ இந்த மாதம் நிருபர்களை எப்போது பார்க்கிறாய்? நேரலையில் பார்க்கலாம் என்றுதான் கேட்கிறேன். தேதியை மட்டும் எழுது, போதும்.

உன் தம்பி,
டுவெயின்

பி.கு. அம்மாவின் பெட்டியில் ஒரு போட்டோ அகப்பட்டது. சர்ச் நிலவறையில் நாம் போட்ட கிறிஸ்துமஸ் நாடகம். நீ தேவதை, நான் ஆட்டுக்குட்டி. பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.


வில்லோ ஃபோர்க்
ஜூன் 8

அன்புள்ள டுவெயின்,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கிறது. அதைப் பார்த்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டாய். இந்த இரண்டு வாரத்தில் என் பெயர் போட்டு வந்த தபால்களிலேயே வசவு இல்லாதது உன்னுடையதும் மின்கட்டண ரசீதும்தான்.

போனை நானே நிறுத்திவிட்டேன். அந்த விருந்து முடிந்த சாயங்காலம் யாரோ என் எண்ணை ஊருக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். குழாய் சரிசெய்ய வருவீர்களா என்று கேட்டுச் சிரிப்பவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள் பேசியதை எழுத என் கை வராது.

நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. கெய்லா பிராண்ட் என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயது. பால்மாவை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். இரண்டு மாதக் குழந்தைக்கு உதடும் நகமும் நீலம் பாரித்துவிட்டது. நைட்ரேட் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்தான் இருக்கலாம். அவள் கிணற்றில் முப்பத்தொன்று இருந்தது. குழந்தை பிழைத்தது. அவளுக்கு மேற்கே இரண்டு மைலில் கவர்னருடைய நண்பரின் மாட்டுப்பட்டி இருக்கிறது, நாற்பதாயிரம் மாடு. நான் பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள், கொதிக்க வைத்தால் இன்னும் மோசம் என்று மட்டும் ஒரு அறிவிப்பு அச்சடித்துக் குழாய்க்குக் குழாய் ஒட்டினேன். அதைக் கிழித்துப் போடச் சொல்லி மாவட்டக் குழுவை நெருக்குகிறார்கள். ஜூலை பத்தாம் தேதி வாக்கெடுப்பு. அறிவிப்பு போனால், கெய்லா மாதிரி எத்தனை பெண்கள் கரைத்துக் கொடுப்பார்களோ!

இன்னொரு கூத்தைக் கேள். அலுவலக போனுக்கு ஒரு ஆள் அழைத்தான். குரலில் அப்படி ஒரு மரியாதை.

“மேடம், நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும். எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கவர்னரக் கொஞ்சம் சீண்டி விடுங்களேன்.”

“எதுக்குங்க?”

“‘மண்டு’ன்னு அவர் வாயால உங்களச் சொல்லணும். நான் அதுமேல கட்டியிருக்கேன்.”

கவர்னர் யாரை, எந்த வாரம், என்ன சொல்லித் திட்டுவார் என்று பந்தயம் கட்ட ஒரு தளம் இருக்கிறதாம். வசவுகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. அவர் வாயில் அந்த வார்த்தை வந்தால் ஒரு டாலர், வராவிட்டால் பூஜ்யம். அவன் ஒஹாயோவில் பல் டாக்டர். ஜெயித்தால் படகு வாங்குவானாம். நான் போனை வைத்துவிட்டேன். என்னை ஒருவன் திட்டுகிறான், அதைத் தடுக்க ஆள் இல்லை. ஆனால் எந்த வார்த்தையில் திட்டுவான் என்று காத்திருக்க நாடு முழுக்க ஆள் இருக்கிறது. இதைவிடக் கேவலம் ஒன்றை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?

நிருபர்களை வரும் வியாழன், பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு நூலகத்தில் பார்க்கிறேன். நீ பார்ப்பாய் என்றால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

அந்தப் போட்டோவைக் கிழித்துப் போடு. அன்று நடந்ததும் போதும், அதற்கப்புறம் வீட்டில் நீ எனக்கு வைத்த பெயரும் போதும். அப்பா உன்னை ஒரு அறை விட்ட பிறகுதான் நிறுத்தினாய், ஞாபகம் இருக்கிறதா?

அன்புடன்,
ரோண்டா


டென்வர்
ஜூன் 14

அன்புள்ள ரோண்டா,

வியாழக்கிழமை பார்த்தேன். நன்றாகப் பேசினாய், ஆனால் ரொம்ப மெதுவாகப் பேசினாய். எண்ணும் எல்லையும் மில்லிகிராமும் யாருக்குப் புரியும்? அன்று மாலையே கவர்னர் வானொலியில் இரண்டு தடவை குழாய்க்காரி என்றார். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தளத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் அதைத் தெரியும். இங்கே பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். நீ நினைப்பதுபோல் கேவலமானது ஒன்றும் இல்லை, சட்டப்படி நடக்கிறது. நாளைக்கு மழை பெய்யுமா, சோளம் என்ன விலைக்குப் போகும் என்று கட்டுகிறவன் மழையைப் பெய்ய வைப்பதில்லையே! அதே மாதிரிதான் இதுவும். கவர்னர் திட்டுகிறவர், திட்டத்தான் போகிறார். அதை முன்கூட்டிச் சொல்கிறவன் என்ன பாவம் செய்தான்? பார்க்கப்போனால் அங்கே பலரும் உன் பக்கம். ‘ரோண்டா அம்மாவுக்கு நெஞ்சுரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாதே. இருபதாம் தேதி உங்கள் ஊர்ச் சந்தைத் திடலுக்குக் கவர்னர் வருகிறாராமே. அதற்கு முன்னால் நீ கொஞ்சம் சூடாக ஏதாவது சொன்னால் என்ன? பொய்யன் என்று நேராகச் சொல். ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும். உனக்கும் நல்லது.

சாப்பிடுகிறாயா, இல்லையா? சனிக்கிழமை மாட்டுக்கறி போட்ட மிளகாய்ச் சாறும் இலவங்கப்பட்டை தூவின இனிப்புச் சுருள் ரொட்டியும் செய்வாயே, அந்த நினைப்பு வந்தது. அவை இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்களை டென்வரில் பைத்தியம் என்கிறார்கள்.

டுவெயின்


வில்லோ ஃபோர்க்
ஜூன் 22

டுவெயின்,

வெள்ளிக்கிழமை சந்தைத் திடலில் கவர்னர் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். நீ அதை ஏற்கெனவே நாலு தடவை போட்டுக் கேட்டிருப்பாய். என் கையால் எழுதியும் ஒரு தடவை படி.

“உங்க குழாய்க்காரி இருக்காளே, அவ ஏன் எப்பப் பாத்தாலும் தண்ணி தண்ணின்னு பயப்படுறா தெரியுமா? எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. சின்ன வயசுல சர்ச்சு மேடையில, ஊரே பாக்க, தேவதை வேஷத்துல ஒண்ணுக்குப் போயிட்டா! தேவதையே நனஞ்சு போச்சு! அந்த ஈரமான பாவாடைக்காரியா நமக்குத் தண்ணியப் பத்திப் பாடம் எடுக்கிறது?”

மூவாயிரம் பேர். அதில் பாதிப் பேரின் கிணற்றை நான் சோதித்திருக்கிறேன். எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வேலி முழுக்கப் பாவாடை. நனைத்துப் பிழியாமல் தொங்கவிட்டிருக்கிறார்கள், தண்ணீர் சொட்டுகிறது. இன்று காலை இன்னும் ஆறு. கெய்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு ஒத்தாசையாக அவிழ்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியது நானா?

நாடகத்தில் நடந்ததை அன்று ஊர் பார்த்தது உண்மை. இரண்டு வாரம் சிரித்தது, மறந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. ஆனால் பாவாடையை வைத்து ஒரு பெயர் கட்டியது நம் வீட்டு நாலு சுவருக்குள். ஈரப்பாவாடை, ஈரப்பாவாடை என்று மாடிப்படியில் நின்று கத்தியது ஒரே வாய். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் உலகத்தில் நாலு பேர். அப்பாவும் அம்மாவும் கல்லறையில் இருக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

போட்டோ அகப்பட்டது என்று எழுதினாய். தேதி கேட்டாய். சூடாகப் பேசச் சொன்னாய். நான் ஒரு மடச்சி, தம்பி அக்கறையாக விசாரிக்கிறான் என்று நினைத்துத் தேதியும் நேரமும் எழுதி அனுப்பினேன்.

பொய் சொல்லாமல் ஒரு வரி எழுது. நீயா?

ரோண்டா


டென்வர்
ஜூன் 27

ரோண்டா,

நான்தான்.

ஆனால் நடந்ததை முழுக்கக் கேள். நான் அவருக்கு எழுதிப் போடவில்லை. பந்தயம் கட்டுகிறவர்கள் அரட்டை அடிக்கிற பக்கத்தில், வேறு பெயரில், அந்த நாடகக் கதையைப் போட்டேன். அடுத்த வாரப் பட்டியலுக்கு ‘ஈரப்பாவாடை’ என்று ஒரு சொல்லையும் யோசனையாகக் கொடுத்தேன். தளத்தார் சேர்த்தார்கள். யாரும் சீந்தவில்லை, விலை மூன்று காசு. கவர்னரின் பேச்சை எழுதுகிற ஆட்கள் அந்த அரட்டையைப் படித்து அதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று எல்லாரும் பேசிக்கொள்வார்கள். நான் அதை நம்பி, கையில் இருந்த பணத்தை அந்தச் சொல்மேல் கட்டினேன். அவ்வளவுதான்.

இப்போது நடந்திருக்கிற அநியாயத்தைக் கேள். விதி என்ன தெரியுமா? பட்டியலில் உள்ள சொல் அப்படியே வாயில் வரவேண்டும், சொல் பிசகினால் செல்லாது. பட்டியலில் இருப்பது ‘ஈரப்பாவாடை’. அந்த மனிதன் என்ன சொன்னான்? ‘ஈரமான பாவாடைக்காரி’! நடுவில் ஒரு ‘மான’வைச் செருகி, கடைசியில் ஒரு ‘காரி’யை ஒட்டி! செல்லாது என்று தீர்ப்பு. அர்த்தம் ஒன்றுதானே என்று மேல்முறையீடு செய்தேன். அர்த்தத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, ஒலிக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. படித்தவர்கள் எழுதுகிற பதிலா இது? ஈரமான பாவாடை வேறு, ஈரப்பாவாடை வேறா? ‘குழாய்க்காரி’க்கு மட்டும் ‘குழாய்க்காரிகள்’ என்று போன மாதம் சொன்னதைச் செல்லும் என்றார்கள். எனக்கு மட்டும் ஓரவஞ்சனை. நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேடையை விட்டு இறங்கும்போது அவர் கூட்டத்தைப் பார்த்து இன்னொரு தடவை ஏதோ சொல்கிறார். டிவியில் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. மாவட்ட அலுவலகம் தனியாக ஒலிப்பதிவு செய்திருக்கும் இல்லையா? உன்னால் அதை எடுக்க முடியுமா? அதில் அவர் சரியாகச் சொல்லியிருந்தால் போதும். எனக்கு இது கடைசி வாய்ப்பு ரோண்டா, வேலை இல்லாதவனின் நிலைமை உனக்குத் தெரியாது.

உன்னிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். வேலியில் பாவாடை தொங்கும் என்று நான் கண்டேனா? நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தைய கதை. நீ மேடையில் நனைத்துக்கொண்டாய், குழந்தைகள் செய்வதுதானே! சிரித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன்.

டுவெயின்


வில்லோ ஃபோர்க்
ஜூலை 2

டுவெயின்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ ஏதோ வேடிக்கைக்கு எழுதியிருக்கிறாய் என்று முதலில் நினைத்தேன். இல்லை. என்னை ஊர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்தியவன்மேல் உனக்கு வந்த ஒரே கோபம், அவன் சரியான வார்த்தையில் அவமானப்படுத்தவில்லை என்பது! ‘மான’வும் ‘காரி’யும் உனக்கு அநியாயமாகத் தெரிகிறது. ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய் அதைப் பற்றி. மன்னிப்புக்கு ஒரு வரி.

அதற்கு மேல், ஒலிப்பதிவை நானே எடுத்து அனுப்ப வேண்டும்! அந்த வசவை நானே காதில் வைத்துக் கேட்டு, ஆமாம், என் தம்பி சொன்ன மாதிரியே சுத்தமாகத் திட்டியிருக்கிறார் என்று சாட்சி சொல்ல வேண்டும்! உன் முகத்தில் தோல் இருக்கிறதா, மாட்டுப்பட்டியில் விற்றுவிட்டாயா? ஒஹாயோ பல் டாக்டர் உன்னைவிட மேல். அவன் என்ன கேட்கிறான் என்று வாய்விட்டுச் சொன்னான்.

மழையைப் பெய்ய வைப்பதில்லை என்று எழுதினாய். நீ பெய்ய வைத்தாயடா! குடத்தைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறி நின்று ஊற்றினாய்.

இன்னொன்று. நீ மேடையில் நனைத்துக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

நான் நனைக்கவில்லை, டுவெயின். நாற்பத்தொரு வருடமாக நான் வாய் திறக்காத விஷயம் இது, அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாய், பஞ்சு ஒட்டின உடுப்போடு. உனக்கு ஆறு வயது. பின்பக்கம் நனைவதைப் பார்த்தேன், பலகையில் பரவுவதைப் பார்த்தேன். நீ திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய். நான் உன்னைப் பின்னால் தள்ளிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். வெள்ளைப் பாவாடை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது. சிரித்தார்கள். நான்தான் என்று கையைக்கூடத் தூக்கினேன்.

அன்று ராத்திரியிலிருந்து நீ மாடிப்படியில் நின்று கத்தினாய். ஏன் அவ்வளவு சத்தமாகக் கத்தினாய் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. யாருக்கும் உன்மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாது. சின்னப் பையன், போகட்டும் என்று விட்டேன். இன்று உனக்கு நாற்பத்தேழு வயது.

பத்தாம் தேதி வாக்கெடுப்பு. மாவட்டக் குழுவின் ஐந்து பேரில் இரண்டு பேர் என் பக்கம், இரண்டு பேர் கவர்னர் பக்கம். தலைவர் லைல் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாவாடைக் கதைக்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார். அங்கே நான் அழுவேனா மாட்டேனா என்று உங்கள் தளத்தில் புதிதாக விலை போட்டிருக்கிறார்களாம், கெய்லா சொன்னாள். ஒரு சொட்டு வெளியே வந்தாலே செல்லுமாம். அதற்கு நீ எந்தப் பக்கம் கட்டியிருக்கிறாய்?

இனி எழுதாதே.

ரோண்டா


டென்வர்
ஜூலை 6

ரோண்டா,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான்.

எனக்குத் தெரியும். அன்றே தெரியும். மறந்துவிட்டதாக என்னையே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன். போன கடிதத்தில் அந்த வரியை எழுதும்போதும் தெரியும். ஆனாலும் எழுதினேன்.

நீ அழுவதன்மேல் நான் எந்தப் பக்கமும் கட்டவில்லை.

டுவெயின்


வில்லோ ஃபோர்க்
ஜூலை 12

அன்புள்ள டுவெயின்,

நீ பாட்டுக்கு வந்தாய், நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

வாக்கெடுப்பு அன்று காலை, வேலியில் தொங்கியதிலேயே நல்லதாக ஒன்றை, நீலப் பூப்போட்டதை, துவைத்து இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன். வாசலில் நின்ற இரண்டு பேருக்கு அது யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும், முகம் அப்படிப் போயிற்று. உள்ளே எட்டு கேமரா. ஆறு என் கண்ணைப் பார்த்தே இருந்தது. நான் சிமிட்டுவதற்குக்கூடப் பயந்தேன்.

பொதுமக்கள் பேசலாம் என்றதும் மாட்டுப்பட்டி ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவன் குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் அணையாடையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, “மேடத்துக்கு உதவும்” என்றான். சபை சிரித்தது. நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் யாரோ ஒரு பல் டாக்டருக்குப் படகு கிடைத்திருக்கும்.

அப்போதுதான் பின்னால் கதவு திறந்தது. முதலில் நான் உன்னைப் பார்க்கவில்லை, உன் பேன்ட்டைத்தான் பார்த்தேன். இடுப்பிலிருந்து முழங்கால்வரை சொட்டச் சொட்ட. நடந்த இடமெல்லாம் ஈரத்தடம்.

லைல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “பேரும் விலாசமும் சொல்லுங்க. மூணு நிமிஷம்தான்.”

“டுவெயின் குச்செரா. இப்ப இருக்கிறது டென்வர். பொறந்தது இந்த ஊரு, சர்ச்சுக்குப் பின்னாடி மூணாவது வீடு.”

“உங்க பேன்ட்டு நனஞ்சிருக்குங்களே.”

“தெரியும். வராந்தாவுல இருக்கிற குழாய்ல குடிக்கலாம்னு போனேன். சின்னப் புள்ளைங்களுக்கு ஆகாதுன்னு எங்க அக்கா எழுதி ஒட்டியிருந்தா. நாப்பத்தொரு வருஷமா நான் சின்னப் புள்ளையாத்தான் இருந்திருக்கேன். அதான் குடிக்காம மேல ஊத்திக்கிட்டேன்.”

யாரோ ஒருவன் சிரித்தான். நீ அவன் பக்கம் திரும்பினாய்.

“சிரிங்க. அன்னிக்கும் சிரிச்சீங்க, ஆனா ஆள் மாறிப் போச்சு. மேடையில நனச்சது அவ இல்ல, நான். ஆட்டுக்குட்டி வேஷம், ஆறு வயசு. அவ என்னப் பின்னாடி தள்ளிட்டு அதுமேல போய் உக்காந்துக்கிட்டா. அவளுக்குப் பேரு வச்சது நான். போன மாசம் அந்தக் கதைய காசுக்காக வெளிய விட்டதும் நான்தான். கவர்னருக்கு அது எங்கேருந்து கெடச்சுதுன்னு கேளுங்க, ஒரு சூதாட்ட அரட்டையில பொறுக்கினதுன்னு அவரச் சொல்லச் சொல்லுங்க. அன்னிக்கு ஒரு புள்ளையோட மானத்தக் காப்பாத்துனவ, இன்னிக்கு உங்க புள்ளைங்க உசுரக் காப்பாத்தப் பாக்குறா. அவளுக்கு நீங்க பாவாட தொங்கவிடுறீங்க. தொங்கவிட்டே ஆகணும்னா டென்வருக்கு என் விலாசத்துக்கு பேன்ட்டா அனுப்புங்க. இடுப்பு முப்பத்தெட்டு.”

மூன்று நிமிட மணி அடித்தது. பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாய். நீ என்னைப் பார்க்கவே இல்லை.

வாக்கெடுப்புக்குள் நீ கிளம்பிவிட்டாய் என்று பிறகுதான் பார்த்தேன். இரண்டுக்கு இரண்டு என்று வந்து நின்றது. லைல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “என் பேத்திக்கு நாலு மாசம். எங்க வீட்டுக் கெணத்தையும் ரோண்டாதான் சோதிச்சா. இருபத்தாறு இருந்துச்சு. நான் வெளிய சொல்லல. அறிவிப்பு இருக்கட்டும்.” அறிவிப்பு இருக்கிறது, டுவெயின். நேற்று கிழிந்துபோன நான்கு இடத்தில் புதிதாக ஒட்டிவிட்டு வந்தேன். என்னை வேலையில் வைத்துக்கொள்வதா என்பதைச் செப்டம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

இன்று காலை வேலியில் ஒன்றும் தொங்கவில்லை. கவர்னர் நேற்று வேறு யாரோ ஒரு பள்ளிக்கூடத்து நர்ஸைப் பிடித்துக்கொண்டாராம். அவளுக்கு இன்று ஒரு கடிதம் எழுதிப் போடப் போகிறேன். போனை நிறுத்திவிடு என்று.

சபை கலைந்த பிறகு கடைசி வரிசைக்குப் போனேன். நீ உட்கார்ந்திருந்த நாற்காலி ஈரமாக இருந்தது. துடைப்பதற்குத் துணியோடு வந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே துடைத்தேன். எனக்குப் பழக்கம்தானே.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டு எழுதாதே, எனக்கே இன்னும் தெரியவில்லை. உன் கடிதத்தில் அந்த ‘மான’வையும் ‘காரி’யையும் நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் சனிக்கிழமைகளில் மிளகாய்ச் சாறு வைக்கிறேன், ஒரு ஆளுக்கு அதிகமாகவே வந்துவிடுகிறது.

நான் அழவில்லை என்று உங்கள் தளத்தில் தீர்ப்பாகிவிட்டதாம். கேமராவுக்கு முன்னால் அழவில்லை, அது உண்மை. அதற்கப்புறம் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு என்ன நடந்தது என்று உனக்கும் எழுதமாட்டேன். யாராவது அதன்மேலும் கட்டியிருப்பார்கள்.

ரோண்டா